ஊட்டிக் குளிரில் சுண்டெலிச் சோதனை: புதிதாகத் தொடங்கும் மருந்தியல் மாணவர்களுக்கு

மருந்தியலில் மேற்படிப்புக்காக ஊட்டிக்கு வரும் மாணவர்கள் பலருக்கு முதல் ஆண்டு முடியும் சமயத்தில் ஒரே மாதிரியான வேலை கைக்கு வரும். வேதியியல் பிரிவில் ஒரு புதுச் சேர்மத்தைச் செய்து வைத்திருப்பார்கள். அது வீக்கத்தைக் குறைக்கிறதா, உடலுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கிறதா என்று சுண்டெலியில் பார்க்க வேண்டும். செய்முறைக்குப் பஞ்சமில்லை, ஆய்வுக் கட்டுரைகளில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கீழே, சமவெளி ஆய்வகங்களில் செய்தவை. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவில் பனி உறையும் ஊரில், அதே செய்முறை அதே மாதிரி நடக்காது.

மலையில் நல்ல சோதனை செய்ய முடியாது என்று இதற்குப் பொருளில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இந்த மலையில் இயங்குகிறது; ஊட்டியில் மருந்தியல் கல்லூரியும் இருக்கிறது. குளிர், உயரம், ஈரம், மரத்தூள் எல்லாமே உங்கள் எண்களுக்குள் புகுந்துகொள்ளும் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் தொடங்கினால் எலிகள் வீணாகச் சாகும். அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அனுமதி வராமல் ஒரு எலியையும் தொடக்கூடாது

1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் வந்த 1998-ஆம் ஆண்டு விதிகளும்தான் நமக்கு அடிப்படை. மத்திய அரசின் விலங்குச் சோதனைக் கட்டுப்பாட்டுக் குழுவில் பதிவு பெற்ற நிறுவனத்தில் மட்டுமே சோதனை செய்யலாம். பழைய தாள்களில் அந்தக் குழுவை சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று பார்ப்பீர்கள், இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்கிறார்கள். அதன் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்கும், எல்லாரும் ஐ.ஏ.இ.சி. என்றுதான் சொல்வார்கள். உங்கள் விண்ணப்பம் ‘ஃபார்ம் பி’யில் அந்தக் குழுவுக்குப் போகும். குழுவில் ஒரு கால்நடை மருத்துவரும், வெளி நிறுவன விஞ்ஞானி ஒருவரும், சமூக அக்கறையுள்ள பொது உறுப்பினர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பொது உறுப்பினருக்குப் புரியும்படி எழுதுங்கள். அவருக்குப் புரிகிற மாதிரி எழுத முடியவில்லை என்றால் கேள்வி உங்களுக்கே இன்னும் தெளியவில்லை.

1959-இல் ரஸ்ஸல், பர்ச் இருவரும் வகுத்த மூன்று கோட்பாடுகளைத்தான் குழு திரும்பத் திரும்பக் கேட்கும்: எலி இல்லாமல் செய்ய முடியுமா, குறைந்த எலியில் முடியுமா, வலியைக் குறைக்க வழி உண்டா. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது நேர்மையாக இருங்கள். பாதத்தில் ஊசி ஏற்றி வீங்க வைக்கும் சோதனையில் எலிக்கு வலிக்கும். எந்த நிலை வந்தால் சோதனையை நிறுத்தி அந்த எலியை வலியில்லாமல் விடுவிப்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், தீனி தண்ணீர் தொடாமல் கூனிக் கிடந்தால் என்று தெளிவாக எழுதுங்கள்.

சேர்மத்தை முதலில் படியுங்கள்

ஒரு சால்கோனை எடுத்துக்கொள்வோம். மருந்தியல் கல்லூரிகளில் அதிகம் செய்யப்படும் செயற்கைச் சேர்மங்களில் அதுவும் ஒன்று. ஒரு ஆல்டிஹைடையும் ஒரு அசிட்டோஃபீனோனையும் காரத்தில் இணைத்தால் மஞ்சள் நிறத்தில் படிகமாக விழும். உருகுநிலை, டி.எல்.சி.யில் ஒற்றைப் புள்ளி, என்.எம்.ஆர்., மாஸ் என்று தூய்மையையும் அமைப்பையும் காட்டும் சோதனைகள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தூய்மை 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எலிக்குக் கொடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு செய்யும் வேலையைச் சேர்மத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

அப்புறம் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. 25 கிராம் எலிகள் ஆறு, கிலோவுக்கு 25, 50, 100 மில்லிகிராம் என மூன்று அளவுகள், ஏழு நாள் என்றால் ஏறத்தாழ 185 மில்லிகிராம் எலிகளின் வயிற்றுக்குள் போகும். நச்சுத்தன்மைச் சோதனையில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் கொடுத்தால் ஒரு எலிக்கே 50 மில்லிகிராம் ஆகிவிடும். பாத்திரத்தில் ஒட்டுவது, சிந்துவது, திரும்பச் செய்வது எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பில் ஒரு கிராமாவது கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். பாதியில் தீர்ந்துபோய் இரண்டாவது தொகுப்பை எடுத்தால் அது வேறு சோதனை. இங்கே தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் திறந்து வைத்த பொடி எல்லாம் ஈரம் இழுக்கும். சிறு குப்பிகளாகப் பிரித்து டெசிகேட்டரில் வையுங்கள்.

கரைப்பானில் பலர் கவனம் வைப்பதில்லை. சால்கோன் தண்ணீரில் கரையாது, உடனே டி.எம்.எஸ்.ஓ. என்ற கரிமக் கரைப்பானைத் தேடுவார்கள். டி.எம்.எஸ்.ஓ. தானே ஆக்சிஜனேற்றச் சேதம் செய்யும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) பிடித்து அணைக்கும், வீக்கத்தையும் குறைக்கும். நீங்கள் எந்த இரண்டு குணங்களைத் தேடுகிறீர்களோ அந்த இரண்டும் கரைப்பானுக்கே உண்டு! வாய்வழி கொடுக்க 0.5 சதவீத சி.எம்.சி. (கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ்) கரைசலில் நன்றாக அரைத்துக் கலக்கிய தொங்கலே (சஸ்பென்ஷன்) போதும். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள், இல்லாவிட்டால் முதல் எலிக்குத் தண்ணீரும் கடைசி எலிக்குச் சேர்மமும் போகும்.

எலிக்கு முன்னால் சோதனைக் குழாயில் டி.பி.பி.எச். என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சோதனை பார்ப்பது வழக்கம். ஊதா நிறக் கரைசல் வெளுப்பதை 517 நானோமீட்டரில் அளந்து, வைட்டமின் சி-யோடு ஒப்பிடுவார்கள். செய்யுங்கள், ஆனால் அதில் வரும் எண்ணை நம்பி எலிக்கான அளவை முடிவு செய்யாதீர்கள். குழாயில் தனி உறுப்புகளை அணைக்கும் சேர்மம் குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறலாம். சால்கோன் போன்றவை உடலுக்குள் வேறு வழியிலும் வேலை செய்யும்: என்.ஆர்.எஃப்.-2 என்ற புரதத்தைத் தூண்டி, செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கும். அதற்கு நாள் பிடிக்கும். அதனால்தான் ஒரே ஒரு வேளை கொடுத்துவிட்டு மாலையிலேயே நொதிகளை அளப்பதில் பயனில்லை. ஏழு நாளாவது கொடுக்க வேண்டும்.

எலிகள் மலை ஏறும்போது

இந்தப் பகுதிதான் மலைக்கே உரியது, நிதானமாகப் படியுங்கள்.

பதிவு பெற்ற வளர்ப்பு மையத்திலிருந்து சுவிஸ் அல்பினோ சுண்டெலிகள் வரும். கீழிருந்து வந்தால் மேட்டுப்பாளையம் வெயிலில் இருந்து பர்லியாறு, குன்னூர் வழியாக ஒரே பயணத்தில் ஊட்டிக் குளிருக்குள் வந்து இறங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஆடும். ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்து பாதையே அடைபடும். இந்த மாதங்களைத் தவிர்த்துத் தருவியுங்கள். முடியாவிட்டால் அதிகாலையில் ஏறும் வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கூடு கட்டக் காகிதத் துண்டுகளும், ஈரம் தரும் ஜெல் தீனியும் இருக்கட்டும்.

வந்ததும் பழக விடுவது பொதுவாக ஒரு வாரம். இங்கே நான் இரண்டு வாரம் என்றே சொல்வேன். காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் சமவெளியைவிடக் கால் பங்குக்குச் சற்றே குறைவாகத்தான் குறைகிறது. எலியின் ரத்தமும் மூச்சும் அதற்கு ஏற்ப மாறிக்கொண்டிருக்கும் நாட்களில் ஆக்சிஜனேற்றத்தைப் போய் அளப்பது நியாயமில்லை. ஒரே சோதனைக்கு உரிய எலிகள் எல்லாம் ஒரே நாளில் வந்தவையாக இருக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவற்றையும் கீழிருந்து வந்தவற்றையும் கலக்கவே கூடாது.

அறை வெப்பம் 22 டிகிரி, மூன்று டிகிரி கூடக் குறைய இருக்கலாம் என்று நெறிமுறைகள் சொல்கின்றன. சுண்டெலிக்கு உண்மையில் சுகமான வெப்பம் 30 டிகிரியை ஒட்டியது. 22-இலேயே அது லேசாகக் குளிரில்தான் இருக்கிறது. இரவில் சூடேற்றும் கருவி அணைந்து அறை 12 டிகிரிக்கு இறங்கினால் என்ன ஆகும்? எலியின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிகோஸ்டீரோனைச் சுரக்கும். அது இயற்கையான அழற்சி எதிர்ப்பு ஸ்டீராய்டு. கூடவே பாதத்து ரத்தக் குழாய்கள் சுருங்கும். மறுநாள் சேர்மம் தராத உங்கள் கன்ட்ரோல் குழுவிலேயே வீக்கம் சரியாக ஏறாது; ஏறாத வீக்கத்தை எந்த மருந்து குறைத்துக் காட்டும்? எனவே தெர்மோஸ்டாட் உள்ள சூடேற்றி, மின்சாரம் போனால் தாங்க ஜெனரேட்டர் இணைப்பு, இரவின் மிகக் குறைந்த வெப்பத்தைப் பதிவு செய்யும் வெப்பமானி, இந்த மூன்றும் கட்டாயம். காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது இங்கே மழைக்காலத்தில் சாதாரணம். கரி போட்டுக் கணப்பு மூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு எலியையும் கொல்லும், காவலுக்கு இருக்கும் ஆளையும் கொல்லும்.

கூண்டில் பரப்பும் தூளைப் பற்றி. இந்த மலையில் யூகலிப்டஸ் மரத்தூளும் பைன் தூளும் மரப்பட்டறையில் எளிதாகக் கிடைக்கும். அனிமல் ஹவுஸுக்குள் அதை விடாதீர்கள். பைன், தேவதாரு போன்ற வாசனை மரங்களின் ஆவி எலியின் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை அதிகமாக்கும். யூகலிப்டஸில் இருக்கும் சினியோலும் அதைச் செய்யும். சினியோலுக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணமும் உண்டு. உங்கள் சேர்மம் வேகமாகச் சிதைந்து, கன்ட்ரோல் எலிக்கு இலவச மருந்தும் கிடைத்தால் சோதனையில் என்ன மிஞ்சும்? நெல் உமியையோ சோளத் தக்கைத் தூளையோ ஆட்டோகிளேவில் போட்டுப் பயன்படுத்துங்கள். ஆட்டோகிளேவிலும் ஒரு கவனம் தேவை. அழுத்தமானி 15 பவுண்டு காட்டினாலும் இந்த உயரத்தில் உள்ளே 121 டிகிரி வந்திருக்காது, நான்கு டிகிரி போலக் குறைவாகவே இருக்கும். வெப்பமானியைப் பார்த்து நேரம் எண்ணுங்கள்.

அதே காரணத்தால், சளிக்காக நீலகிரித் தைலமோ விண்டர்கிரீன் தைலமோ தடவிக்கொண்டு எலி அறைக்குள் போகாதீர்கள். இரண்டாவது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவு. கடுமையான வாசனை எலியைக் கலவரப்படுத்தவும் செய்யும்.

கையாளும் முறைக்கு வருவோம். வாலைப் பிடித்துத் தூக்குவதைவிடக் குழாய்க்குள் நுழைய விட்டோ, இரு கைகளையும் குவித்து ஏந்தியோ எடுத்தால் சுண்டெலியின் பதற்றம் குறைகிறது என்று 2010-இல் வந்த ஆய்வு காட்டியது. பழகும் இரண்டு வாரமும் தினமும் இப்படி எடுத்து எடை பாருங்கள். கைகளை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஊட்டியின் காலைக் குளிரில் விறைத்த விரல்கள் எலியை அளவுக்கு மீறி இறுக்கிவிடும்.

நச்சுத்தன்மை

ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் வழிகாட்டி 423 போதும். மூன்று பெண் எலிகளில் தொடங்கி, கிலோவுக்கு 5, 50, 300, 2,000 மில்லிகிராம் என்ற படிகளில் முந்தைய தகவலுக்கு ஏற்ற ஓர் அளவைத் தேர்ந்து கொடுப்பது. முதல் அரை மணி நேரம் கண்ணெடுக்காமல், பிறகு நான்கு மணி நேரம் அடிக்கடி, அப்புறம் 14 நாள் தினமும் பார்ப்பது. 2,000-இல் ஒன்றும் ஆகவில்லை என்றால் அதன் இருபதில் ஒரு பங்கை மேல் அளவாக வைத்துக்கொண்டு கீழே இறங்கலாம். மிக அதிக அளவில் மயங்கிச் சோர்ந்த எலிக்கும் பாத வீக்கம் குறைவாகத் தெரியக்கூடும். நோயுற்ற எலியின் எண்ணை மருந்தின் வெற்றியாக எழுதிவிடாமல் இருக்கத்தான் இந்தப் படி.

குழுக்கள்

ஆறு குழுக்கள் வேண்டும். பாதத்தில் உப்புநீர் மட்டும் பெறும் இயல்புக் குழு ஒன்று. பாதத்தை வீங்க வைக்கும் காராஜினனும் வெறும் சி.எம்.சி.யும் பெறும் கன்ட்ரோல் ஒன்று. காராஜினனோடு, வீக்கத்தைக் குறைக்கும் தெரிந்த மருந்தான இண்டோமெத்தசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் பெறும் ஸ்டாண்டர்டு ஒன்று. சேர்மத்தின் மூன்று அளவுகளுக்கு மூன்று. குழுவுக்கு ஆறு எலி என்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் ‘வழக்கம்’ என்று எழுதினால் நெறிமுறைக் குழு ஏற்காது. முந்தைய சோதனைகளில் கன்ட்ரோல் எலிகளின் வீக்கம் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டது என்பதை எடுத்து, ஜி-பவர் போன்ற இலவச மென்பொருளில் போட்டு எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்குத் தனி ஸ்டாண்டர்டு வேண்டுமா? வேண்டும் என்பது என் கருத்து. அங்கே வைட்டமின் சி-யை வைக்காதீர்கள். மனிதருக்கு முடியாததைச் சுண்டெலி செய்யும்: வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே உற்பத்தி செய்துகொள்ளும். என்-அசிட்டைல் சிஸ்டீனோ குவெர்செட்டினோ பொருத்தமாக இருக்கும். அப்போது ஏழாவது குழு ஒன்று சேரும், அதை விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எந்த எலி எந்தக் குழுவுக்கு என்பதைக் கணினியில் உருட்டிய சமவாய்ப்பு எண்கள் முடிவு செய்யட்டும். முதலில் கையில் சிக்கும் எலிகள் எல்லாம் ஒரே குழுவுக்குப் போனால், மந்தமான எலிகள் ஒரு பக்கம், துருதுரு எலிகள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். மருந்துக் குப்பிகளில் குறியீடு மட்டும் ஒட்டி, அந்தக் குறியீட்டுத் தாளை அளக்காத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பாதத்தை அளப்பவருக்கு எது மருந்து, எது வெறும் சி.எம்.சி. என்று தெரியவே கூடாது.

வீக்கம் பார்க்கும் நாள்

காராஜினன் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் மாவுப்பொருள். அதைப் பாதத்தில் ஏற்றி வீங்க வைக்கும் முறையை 1962-இல் வின்டரும் அவருடைய கூட்டாளிகளும் பெரிய எலியில் நிறுவினார்கள். சுண்டெலிக்கு அளவைக் குறைத்துப் பயன்படுத்துகிறோம். லாம்டா வகையைக் கேட்டு வாங்குங்கள். கப்பா, அயோட்டா வகைகள் குளிரில் இறுகிக் கட்டியாகிவிடும், ஊசியில் ஏறாது. 0.9 சதவீத உப்புநீரில் ஒரு சதவீதம் வரும்படி முந்தைய நாளே ஊற வைத்து, காலையில் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து கலக்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஏற்றாதீர்கள்.

நாளின் வரிசை இப்படி. காலை ஒரே நேரத்தில் தொடங்குங்கள், எல்லா நாளும், எல்லாக் குழுவுக்கும். சுண்டெலி இரவு விலங்கு. மாலையை நெருங்க நெருங்க அதன் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறும். ஒரு குழுவைக் காலையிலும் இன்னொன்றைப் பிற்பகலிலும் செய்தால் நேரத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள். முதலில் எடை, பிறகு வலது பின்னங்கால் கணுவில் மை கொண்டு ஒரு கோடு, அந்தக் கோடுவரை, பாதத்தின் கன அளவைக் காட்டும் பிளெத்திஸ்மோமீட்டரில் முக்கி முதல் அளவு. கருவித் தண்ணீர் சில்லென்று இருந்தால் எலி காலை இழுக்கும், ரத்தக் குழாயும் சுருங்கும். 25 டிகிரியாவது இருக்கட்டும். ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள்.

அப்புறம் மருந்து. முனை உருண்டையான 20 கேஜ் காவேஜ் ஊசியால் வாய்வழி, கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் கணக்கில். 24 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் தர வேண்டுமென்றால் மருந்து 1.2 மில்லிகிராம், அளவு 0.24 மில்லிலிட்டர், ஆகவே தொங்கலின் செறிவு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம். இந்தக் கணக்கை ஒவ்வொரு எலிக்கும் முந்தைய இரவே தாளில் போட்டு வைத்துக்கொண்டு, காலையில் எடை பார்த்துத் திருத்துங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். தடுத்தால் வெளியே எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். தள்ளினால் மூச்சுக்குழாயிலோ நுரையீரலிலோ போய் நிற்கும். இதைக் கால்நடை மருத்துவரின் அருகில் இருந்து, உயிரற்ற எலியில் பழகிய பிறகே உயிருள்ளதைத் தொடுங்கள். வயிற்றறைக்குள் ஊசி போடுவது எளிது என்று அந்தப் பக்கம் சாயாதீர்கள். வயிற்றறையை எரிச்சலூட்டும் எந்தப் பொருளும், மருந்தே இல்லாவிட்டாலும், பாத வீக்கத்தைக் குறைத்துக் காட்டும்.

ஏழாவது நாள் மருந்துக்கு ஒரு மணி நேரம் கழித்து 0.05 மில்லிலிட்டர் காராஜினனை வலது பாதத்தின் அடித்தோலுக்குக் கீழே ஏற்றுங்கள். அந்த நொடியிலிருந்து அந்த எலியின் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு எலிக்கும் மூன்று நிமிட இடைவெளி விட்டு ஏற்றினால் அளக்கும்போது நெருக்கடி இராது. 1, 2, 3, 4 மணிகளிலும் மறுநாள் 24-ஆவது மணியிலும் அளந்துகொள்ளுங்கள். முதல் மணிகளின் வீக்கத்துக்கு ஹிஸ்டமினும் செரட்டோனினும் முக்கியக் காரணம். மூன்றாவது மணியை ஒட்டி காக்ஸ்-2 நொதி வழியாக வரும் புராஸ்டாகிளாண்டின்கள் கை ஓங்கும். சுண்டெலியில் 24 மணிக்கு மேல் இரண்டாவது அலை ஒன்றும் எழும். உங்கள் சேர்மம் முதல் மணியில் சும்மா இருந்து மூன்றாவது மணியில் வீக்கத்தை இறக்கினால் அது இண்டோமெத்தசினின் பாதையை ஒத்தது என்று சந்தேகிக்கலாம். ஒரே ஒரு மணியின் எண்ணை மட்டும் எழுதுபவருக்கு இந்தக் கதை கிடைக்காது.

எடுத்துக்காட்டுக்கு, கன்ட்ரோல் பாதம் சராசரியாக 0.10 மில்லிலிட்டரும் மருந்து பெற்ற பாதம் 0.06 மில்லிலிட்டரும் வீங்கினால் தடுப்பு 40 சதவீதம்.

திசுவில் ஆக்சிஜனேற்றம்

எந்த மணியில் எலியை விடுவித்துத் திசு எடுப்பது என்பதை முன்பே முடிவு செய்து, அனுமதி பெற்ற முறையிலேயே செய்யுங்கள். பாதத் திசுவையும் கல்லீரலையும் எடுத்து, பனிக்குளிர் உப்புநீரில் ரத்தம் போகக் கழுவுங்கள். சிவப்பணுவில் கேட்டலேஸ் நிறைய இருப்பதால், கழுவாத திசு பொய்க் கணக்குக் காட்டும். 10 சதவீதம் வரும்படி பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபரில் ஐஸ் மேல் வைத்தே அரையுங்கள். ஊட்டி குளிர்கிறது என்பதற்காக ஐஸை விட்டுவிடக் கூடாது; அரைக்கும் கருவியே திசுவைச் சூடாக்கும். அப்படியே வயிற்றையும் திறந்து லென்ஸில் பார்த்து, புண் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இண்டோமெத்தசின் எலிகளில் புண் இருக்கலாம். உங்கள் சேர்மம் வீக்கத்தைக் குறைத்தும் வயிற்றைக் காப்பாற்றியிருந்தால் அது பெரிய செய்தி, கூடுதலாக ஒரு எலிகூடத் தேவைப்படாமல் கிடைத்த செய்தி.

பாதுகாப்பு நொதிகளான எஸ்.ஓ.டி., 240 நானோமீட்டரில் கேட்டலேஸ், 412-இல் குளூட்டத்தயான் என்ற பாதுகாப்புப் பொருள், 532-இல் கொழுப்பின் சேதத்தைக் காட்டும் எம்.டி.ஏ. இந்த நான்கும் அடிப்படை. வெள்ளணுக்கள் எவ்வளவு வந்து குவிந்தன என்று பார்க்க மையலோபெராக்சிடேஸையும் சேர்க்கலாம். எல்லாவற்றையும் புரத அளவால் வகுத்து எழுதுங்கள்.

எம்.டி.ஏ.வில்தான் மலை குறுக்கே வரும். 1979-இல் ஒகாவா குழு எழுதிய முறை தயோபார்பிட்யூரிக் அமிலக் கலவையை 95 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்கிறது. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக நேரமெடுப்பது இதனால்தான். குன்னூரிலும் 95-ஐ எட்டாது. வாட்டர் பாத்தில் 95 என்று திருகி வைத்துவிட்டுப் போனால், தண்ணீர் வற்றுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. இறுக மூடிய குழாய்களை உலோகச் சூட்டுக் கட்டையில் 95-இல் வைப்பது நல்ல வழி. மூடி பிதுங்காதவாறு பூட்டுள்ள குழாய்கள் வேண்டும். கட்டை இல்லையென்றால் கொதிநீரிலேயே செய்யலாம். ஆனால் ஸ்டாண்டர்டாக வைக்கும் டெட்ரா ஈத்தாக்சி புரொப்பேனையும், எல்லாக் குழுக்களின் திசுவையும், ஒரே பாத்தில் ஒரே தடவையில் ஒரே நேரம் வையுங்கள். சமவெளியில் வரைந்த ஸ்டாண்டர்டு கோட்டைக் கடன் வாங்காதீர்கள்.

மஞ்சள் சேர்மத்துக்கு இரண்டு கூடுதல் கவனம். சேர்மத்தின் நிறம் அளவீட்டில் கலந்துவிடாமல் இருக்க, ரசாயனம் சேர்க்காத திசுவோடு ஒரு பிளாங்க் வையுங்கள். இன்னொன்று, சால்கோன் நேராகவே குளூட்டத்தயான் போன்ற தயால்களோடு ஒட்டிக்கொள்ளும். அதிக அளவில் குளூட்டத்தயான் குறைந்தால் அது ஆக்சிஜனேற்றத்தால் குறைந்ததா, சேர்மமே தின்றுவிட்டதா என்று பிரித்தறிய வேண்டும். எம்.டி.ஏ. ஏறாமல் குளூட்டத்தயான் மட்டும் இறங்கினால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

மிச்சத் திசுவை மைனஸ் 80-இல் வைத்தால் டி.என்.எஃப்.-ஆல்ஃபா, ஐ.எல்.-6 என்ற அழற்சிப் புரதங்களை அளக்கும் எலைசா சோதனையைப் பின்னால் செய்யலாம். எலைசா கிட் ஐஸோடு மலை ஏற வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் தருவித்தால் வழியில் தேங்காது.

கணக்கு

பல மணிகளின் வீக்கத்துக்கு மறு அளவீட்டு அனோவா என்ற புள்ளியியல் சோதனை, நொதிகளுக்கு ஒருவழி அனோவாவும் கன்ட்ரோலோடு ஒப்பிட டன்னட் சோதனையும். சதவீதத்தின் மேல் கணக்குப் போடாதீர்கள், அசல் மில்லிலிட்டரின் மேல் போடுங்கள். ஒவ்வொரு எலியையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் காட்டுங்கள். பட்டைக்குள் ஒளிந்த ஆறு எலிகளை யாரும் சரிபார்க்க முடியாது. உங்கள் இயல்புக் குழுவின் நொதி எண்கள் சென்னையிலோ மதுரையிலோ வந்த கட்டுரையின் எண்களோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், அது இயல்பு. உங்களுக்கு அளவுகோல் உங்கள் கன்ட்ரோல் எலிதான்.

உடல்களை என்ன செய்வது

விலங்கு உடல்கள் மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் போய் எரிக்கப்பட வேண்டும். குழி தோண்டிப் புதைப்பதோ, காட்டோரம் எறிவதோ கூடாது. ஸ்டாண்டர்டாக டைக்ளோஃபெனாக் வைத்திருந்தால் இரட்டைக் கவனம் தேவை. நம் மலைக்குக் கீழே சீகூர், மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அந்த மருந்து தங்கிய கால்நடைச் சடலங்களைத் தின்று சிறுநீரகம் கெட்டுத்தான் இந்தியா முழுவதும் அவை பெருமளவு அழிந்தன. 2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. ஸ்டாண்டர்டுக்கு இண்டோமெத்தசின் போதுமென்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிக்கை எழுதும்போது விலங்குச் சோதனை அறிக்கைகளுக்காக 2020-இல் திருத்திய அரைவ் பட்டியலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இவற்றையும் மறக்காமல் சேருங்கள்: ஆய்வகத்தின் உயரம், பழக விட்ட நாட்கள், எலி அறையின் இரவு வெப்பம், கூண்டில் பரப்பிய தூள், எம்.டி.ஏ.வுக்கு உண்மையில் எட்டிய டிகிரி. சேர்மம் வேலை செய்யவில்லை என்றாலும் இதே ஒழுங்கில் எழுதி உங்கள் கைடிடம் கொடுங்கள், துறை நூலகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்து அதே சால்கோனைத் தூக்கிக்கொண்டு வரும் மாணவர் மறுபடியும் இத்தனை எலிகளைக் கேட்க வேண்டியதில்லை.